பெருவெரல் பதில் ஆகாது மக்கா

அன்பு மக்கா,

இங்க எல்லாரும் சுகம். நீயும் சுகமா இருப்பேன்னு நம்புதோம். வாட்ஸப்ல நீட்டமா எழுதுனா நீ படிக்கிறதில்ல, நீலக் குறி விழுது, பின்னால ஒரு பெருவெரல் வருது, அதோட சரி. அதனாலதான் இத மெயில்ல எழுதுதேன், டூட்டி முடிச்சு படுக்கும்போது பைய படி. கப்பல்ல இப்ப நெட்டு நல்லா கெடைக்கு, சேட்டிலைட் புதுசா வச்சிருக்காங்க, இனிமே வீடியோ காலே பண்ணலாம்ப்பான்னு ஏறுன புதுசுல நீதான சொன்ன. சொன்னது ஞாபகம் இருக்கு.

நேத்து பேங்குக்குப் போயி பாஸ்புக் போட்டுட்டு வந்தேன். சம்பளம் விழுந்துருச்சு. எப்பவும் வாரத விட கூட வந்துருக்கு. ஓவர்டைமா இருக்கும்னு அம்மாட்ட சொன்னேன். சரி, அது இருக்கட்டும்.

அக்கா எங்கள கிரீஸ்ல உள்ள ரோட்ஸ் தீவுக்குக் கூட்டிட்டுப் போனதுல போட்டோ மட்டுந்தான் நீ பாத்துருப்ப, அதுவும் பாதி போட்டோல அம்மா கண்ண மூடிட்டு நிக்கா. அதனால கதைய நான் சொல்லுதேன், ஒனக்கும் சேத்துதான் நான் பாத்தேன், ஏன்னா அங்க பாத்ததெல்லாம் நம்ம தொழில் சமாச்சாரம். ஜெர்மனிலேருந்து நேர ஃபிளைட்டு, எறங்குனா வெயிலு நம்மூரு தை மாச வெயிலு கணக்கா இதமா இருக்கு, செப்டம்பர் கடைசிங்கிறதால கூட்டமும் கொறவு. வடக்க பாத்தா துருக்கி மலை தெரியுது, அவ்வளவு பக்கம்.

மொதல்ல மாண்ட்ராக்கி ஹார்பர். சின்னதுதான், இப்ப யாட்டும் டூரிஸ்ட் போட்டுமா கெடக்கு, பெரிய குரூஸ் கப்பலெல்லாம் பக்கத்து ஹார்பர்ல கட்டுதான். வாசல்ல ரெண்டு பக்கமும் தூணு, ஒண்ணு மேல ஆண் மானு, ஒண்ணு மேல பெண் மானு. பிரேக்வாட்டர் மேல மூணு பழைய காத்தாலை, நுனில செயிண்ட் நிக்கோலஸ் கோட்டை, அது மேல லைட் ஹவுஸ். அக்கா மவன் ஓடிப் போயி அந்தக் கோட்டச் செவுத்த புடிச்சு நின்னுக்கிட்டு, மாமா கப்பல் இங்க வருமா தாத்தாங்கான். இது சின்ன ஹார்பர்லே, மாமா கப்பலுக்கு ஆழம் பத்தாதுன்னு சொன்னேன். அப்ப எங்க போவும்னு கேட்டான். நான் ஐஸ் வாங்கித் தந்துட்டேன்.

இந்த இடத்துலதான் கொலோசஸ் சிலை நின்னுச்சுங்காங்க, உலக அதிசயம் ஏழுல ஒண்ணு. கி.மு. 305ல டெமெட்ரியஸ்னு ஒரு ராசா வந்து ஊர வளைச்சான், ஒரு வருஷம் முட்டிப் பாத்தான், மதில் அசையல, சமாதானம் பேசிட்டு, இழுத்துட்டு வந்த முற்றுகை சாமானெல்லாத்தயும் அங்கனயே போட்டுட்டுக் கெளம்பிட்டான். இவங்க யாரு, வியாபாரிங்கல்லா. அவ்வளவு ஸ்க்ராப்பையும் வித்து அந்தக் காசுல சூரிய சாமி ஹீலியோஸுக்கு வெண்கலச் சிலை வச்சாங்க, லிண்டோஸ் ஊருக்காரர் கேரஸ் செஞ்சாரு, 12 வருஷம் ஆச்சு, ஒசரம் 33 மீட்டர் வாக்குல. கி.மு. 226 வாக்குல பூகம்பம் வந்து முழங்கால்ல ஒடிஞ்சு விழுந்துருச்சு. நின்னது அம்பது வருஷஞ் சொச்சந்தான், விழுந்து கெடந்ததோ 800 வருஷத்துக்கு மேல, ஏழாம் நூற்றாண்டுல அரபுப் படை வந்துதான் ஒடச்சு வித்தாங்களாம்.

கடைல விக்கிற படத்துலெல்லாம் ரெண்டு கரையிலயும் கால அகட்டி நிக்கும், கீழ கப்பல் போவும். அது நடக்காத காரியம் மக்கா. கட்டுற 12 வருஷமும் ஹார்பர் வாசல மூடியா வச்சிருப்பான்? கப்பல் வரலைன்னா அந்த ஊருக்குச் சோறு ஏது. விழுந்தப்பவும் வாசல்லதான விழுந்துருக்கணும், அப்ப ஹார்பரே அடஞ்சிருக்கும்லா. அத்தான்ட்ட சொன்னேன், அவரு, மாமா நீங்க கப்பல் ஆபீஸ் மூளையோடயே பாக்கீங்கன்னு சிரிக்காரு. வேற எந்த மூளையோட பாக்க. கீழ கெடந்த சிலையோட பெருவெரல கட்டிப் புடிக்க ரெண்டு கை எட்டுறவங்களே கொறவுன்னு ரோம்காரரு ப்ளினி எழுதி வச்சிருக்காரு. அதப் படிச்சப்ப ஒன் பெருவெரல்தான் ஞாபகம் வந்துச்சு, ஒனக்கு ஒரு நாள்ல அத விட ரெண்டு வார்த்த எழுத நேரமில்லையா மக்கா. அம்மா அந்தப் பெருவெரல பெருசாக்கிப் பாக்கா, அதுல ஏதாவது எழுதியிருக்குமோன்னு.

சாப்பாடு நேரத்துக்குச் சாப்புடு. வாட்ச்ச முடிச்சுட்டு வெறும் காப்பியக் குடிச்சுட்டுப் படுக்காத.

ஊருக்குள்ள பழைய டவுன் முழுக்க மதிலுக்கு உள்ள இருக்கு, 1988ல யுனெஸ்கோ எடுத்துக்கிச்சு. 1309லேருந்து 1522 வரைக்கும் செயிண்ட் ஜான் நைட்டுங்கன்னு சாமியாரு பாதி சிப்பாய் பாதியா ஒரு கூட்டம் ஆண்டுருக்காங்க. மதிலு கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டரு, அகழில தண்ணியே கெடையாது, உள்ள எறங்கி நடக்கலாம், பீரங்கி காலத்துக் கல்லு குண்டெல்லாம் அங்கங்க உருண்டு கெடக்கு. 1480ல துருக்கிக்காரன் வந்து முடியாம திரும்பிட்டான், 1522ல சுல்தான் சுலைமானே வந்து ஆறு மாசம் வளைச்சதுல கதவத் தொறந்துட்டாங்க. அவரும் உயிரோட போவ விட்டுட்டாரு, கப்பல்ல ஏறி 1523 ஜனவரி 1ம் தேதி போனவங்கதான், பின்னால மால்டால போயி ஒக்காந்தாங்க. கிராண்ட் மாஸ்டர் அரண்மனைன்னு ஒண்ணு பெருசா நிக்கு, ஆனா அது 1856ல வெடிமருந்து வெடிச்சு நொறுங்குனதுக்கு அப்புறம் இத்தாலிக்காரன் 1930கள்ல திரும்பக் கட்டுனது, முசோலினி வந்து தங்குறதுக்குன்னு பேச்சு. எனக்கு அது புடிக்கல, ரொம்ப மினுமினுன்னு இருக்கு. அகழிதான் புடிச்சுது.

நைட்டுங்களோட பழைய ஆஸ்பத்திரிதான் இப்ப மியூசியம். எல்லாரும் பளிங்குல குளிச்சுட்டு முடி ஒணத்துற அப்ரோடைட்டி சிலையப் பாக்க ஓடுதாங்க. நான் பாத்தது ஜாடிங்க. ரோட்ஸ் வைனு ஏத்துமதி ஆன மண் ஜாடி, கைப்பிடில முத்திர குத்தியிருக்கு, அந்த வருஷத்து சூரியக் கோயில் பூசாரி பேரு, மாசம், ஜாடி செஞ்சவன் பேரு, சிலதுல ரோஜாப்பூ. 2200 வருஷத்துக்கு முன்னாடி பேட்ச் நம்பரு போட்டுருக்கான் பாரு. பக்கத்துத் தீவு கோஸ், அந்த வகை ஜாடி நம்ம அரிக்கமேட்டுல நெறயக் கெடச்சிருக்குன்னு ஒனக்குத் தெரியுமோ என்னமோ. அந்தப் பக்கத்துச் சரக்கு செங்கடல் வழியாத்தான் நம்ம கரைக்கு வந்துருக்கு, அந்தக் காலத்துல வேற வழி ஏது.

இப்ப இருக்கு. கேப் ஆஃப் குட் ஹோப் வழியா ஆப்பிரிக்காவ சுத்திப் போவலாம். பத்து பன்னெண்டு நாள் கூட ஆவும், எண்ணெய் கூடக் குடிக்கும், ஆனா போவலாம்.

சரி, முக்கியமானதச் சொல்லுதேன். ரோட்ஸ்னு அக்கா டிக்கெட் போட்டப்பவே எனக்கு மனசுக்குள்ள ஒண்ணு அடிச்சுது, எங்கயோ கேட்ட பேருன்னு. கப்பல் சரக்குக்குப் பேப்பர் பாக்குற நம்ம சி அண்ட் எஃப் ஆபீஸ்ல நான் சேந்த புதுசுல ஒரு கப்பலுக்கு ஜெனரல் ஆவரேஜ்னு டிக்ளேர் பண்ணி, பாண்டு எழுதிக் குடுத்தாத்தான் சரக்கு ரிலீஸுன்னு பேப்பர் வந்துச்சு. பார்ட்டி வந்து குதிக்கான், என் முந்திரிக் கொட்ட நல்லாத்தான இருக்கு, எவன் சரக்கோ போனதுக்கு நான் ஏன் காசு கட்டணும்னு. அப்ப எங்க பெரியவரு சொன்னாரு, இது இன்னைக்கு நேத்து வந்த சட்டம் இல்ல, ரோடியன் லா, ரோட்ஸ்னு ஒரு தீவு, அந்தக் கடலோடிங்க வச்சது, புயல்ல கப்பலக் காப்பாத்த ஒருத்தன் சரக்கத் தூக்கிக் கடல்ல போட்டா அந்த நஷ்டத்த மத்த எல்லாரும் பங்கு போட்டுக்கணும். ரோம்காரன் அத அப்படியே தன் சட்டத்துல எடுத்துக்கிட்டான், இன்னைக்கும் யார்க் ஆண்ட்வெர்ப் ரூல்ஸ்னு அதுதான் ஓடுது. 2021ல சூயஸ்ல எவர் கிவன் குறுக்க மாட்டிக்கிச்சே, அதுக்கும் ஜெனரல் ஆவரேஜ்தான் டிக்ளேர் பண்ணான். அதுல இருந்த 25 பேரும் நம்ம இந்தியாக்காரப் பயலுவதான, மாட்டுனது ஆறு நாளு, கேஸு முடிஞ்சு கால்வாய விட்டு வெளிய வர ஜூலை ஆயிருச்சு. அப்ப நீ காலேஜ்ல இருந்த, டிவில பாத்துட்டு, இதெல்லாம் ஒரு கப்பலாப்பா, நான் ஓட்டிக் காட்டுதேன்னு சொன்ன. மெஷின் சைடு எடுத்தவன் எப்படிலே கப்பல் ஓட்டுவேன்னு அக்கா கேலி பண்ணா.

ஆபீஸ்ல இருந்த அவ்வளவு வருஷத்துல அந்தச் சட்டத்தோட பாதிய மட்டுந்தான் நான் படிச்சிருந்தேன், பங்கு எப்படிப் பிரிக்கணும்ங்கிற பாதி. அந்த மாண்ட்ராக்கி பெஞ்சுல ஒக்காந்து மீதிய போன்ல தேடிப் படிச்சேன். ரோமன் சட்டப் புத்தகத்துல தெளிவா இருக்கு, சரக்குக்கு வெல போடலாம், கப்பலுக்கு வெல போடலாம், மோதிரத்துக்குக் கூட வெல போட்டு பங்கு கேக்கலாம், ஆனா கப்பல்ல இருக்குற சுதந்திரமான மனுசனோட உடம்புக்கு மட்டும் வெல போட முடியாது, கணக்குல சேக்கக் கூடாதுன்னு. அத மரியாதையாத்தான் சொல்லியிருக்கான், மனுசன் வெலைக்கு அப்பாற்பட்டவன்னு. ஆனா எனக்கு அது அப்படிப் படல. பேப்பர்ல எங்கயுமே ஒன் பேரு வராதுங்கிற மாதிரிதான் பட்டுச்சு. நான் போட்ட பில் ஆஃப் லேடிங், அந்தச் சரக்குச் சீட்டு, ஒண்ணுலயாவது கப்பல்ல யாரு இருந்தான்னு எழுத ஒரு கட்டம் இருந்துச்சா? முந்திரி எத்தன மூட்ட, உப்பு எத்தன டன்னு, அவ்வளவுதான்.

போன மாசத்த விட எவ்வளவு கூட வந்துருக்குன்னு நான் கணக்குப் போட்டுப் பாக்கல. பாத்தேன். பேசிக்கு எவ்வளவோ அதுல ஒரு பங்கு. அது ஓவர்டைமுன்னே வச்சிக்குவோம்.

லிண்டோஸ் போனோம். ரோட்ஸ் டவுன்லேருந்து தெக்க ஒரு மணி நேரம் பஸ்ஸு. அதுக்கும் தெக்க மலையெல்லாம் கருகி நிக்கு, 2023 ஜூலைல காட்டுத்தீ, ஒரே சமயத்துல 19,000 பேர வெளியேத்துனாங்களாம், ரோடு அடைபட்டதால கொஞ்சம் பேர பீச்சுலேருந்து போட்டுல ஏத்திருக்காங்க, ஊர்க்காரங்க ஸ்கூலத் தொறந்து சோறு போட்டுருக்காங்க. லிண்டோஸ்ல வெள்ள வெள்ளையா வீடுங்க, முத்தத்துல கருப்பும் வெள்ளையுமா கூழாங்கல்லு பாவியிருக்கு, மேல 116 மீட்டர் பாறை, அது மேல அத்தீனா கோயிலு, கோயிலச் சுத்தி நைட்டுங்க கோட்டை. அம்மா முழங்கால வச்சுக்கிட்டு ஏற முடியாதுன்னு கழுத டாக்ஸி பேசுனோம், கழுதயப் பாத்ததும் பாவமா இருக்குன்னு எறங்கி நடந்தே ஏறிட்டா. ஒங்கம்மாவப் பத்தி ஒனக்குத் தெரியும், மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டா முழங்காலாவது ஒண்ணாவது.

மேல போற படிக்கட்டுக்குக் கீழ பாறையிலேயே ஒரு கப்பலச் செதுக்கியிருக்கான், முழுக் கப்பலு இல்ல, அமரம் மட்டும், பின்பக்கம். வளைஞ்சு மேல ஏறுது, சுக்கான் துடுப்பு கூட இருக்கு. கி.மு. 180 வாக்குல பைதோக்ரிட்டோஸ்னு ஒருத்தர் செஞ்சதாம். எல்லாரும் அது முன்னால நின்னு போட்டோ எடுத்துட்டு ஓடுதாங்க. நான் நின்னுட்டே இருந்தேன். அமரத்துக்குக் கீழதான ஒன் இஞ்சின் ரூமு.

பாறைக்குத் தெக்குப் பக்கம் எறங்குனா செயிண்ட் பால்ஸ் பே, நம்ம சின்னப்பர் வந்து எறங்குன எடம்னு ஐதீகம். சுத்திப் பாறை, வாய் சின்னது, உள்ள தண்ணி குளம் மாதிரி அசையாம நிக்கு, ஓரத்துல வெள்ளையா ஒரு குட்டிக் கோயிலு. திருத்தூதர் பணிகள் 21ம் அதிகாரத்துல வருது, கோஸ் வந்து மறுநாள் ரோட்ஸ் வந்து அங்கருந்து பத்தாரா போனாருன்னு. பாத்தியா, அந்தக் காலத்து ஆளு, எந்தத் துறைலேருந்து எந்தத் துறைக்குப் போறோம்னு ஒவ்வொரு ஊரையும் எழுதி வச்சிருக்காங்க. அதுவும் நெட்டு இல்லாம.

அம்மா அங்கதான் கடல்ல கால நனைச்சா, அதுக்கு முன்னாடி ஹோட்டல் பக்கத்து எல்லி பீச்சு முழுக்கக் கூழாங்கல்லு, செருப்பில்லாம நிக்க முடியாது. சாம்பிக்கான்னு ஒரு பீச்சுல மட்டும் நல்ல மணலு. தண்ணி கண்ணாடி, நம்ம கடல விட உப்பு ஜாஸ்தி, நக்கிப் பாத்தேன். வத்தமும் பெருக்கும் கண்ணுக்கே தெரியல, காலைல பாத்த எடத்துலயே சாயங்காலமும் தண்ணி நிக்கு. அக்காவும் அத்தானும் நீந்துனாங்க. நான் பனியன கழட்டவான்னு கேட்டேன், அக்கா வேண்டாம்ப்பான்னுட்டா. குடை போட்ட பெஞ்சுல படுக்கதுக்குக் காசு கேக்கான், படுக்க மணலு கெடக்கும்போது எதுக்குன்னு நான் துண்ட விரிச்சுட்டேன்.

பழைய டவுன்லயே யூதங்க இருந்த தெருவு ஒண்ணு இருக்கு, 1577ல கட்டுன ஜெபக்கூடம் இன்னும் நடக்கு. 1944 ஜூலைல ஜெர்மன்காரன் அந்தத் தெருவுல உள்ள கிட்டத்தட்ட 1,700 பேர சரக்குப் படகுல ஏத்தி, ஏதென்ஸ் பக்கத்து பிரேயஸ் துறைமுகம் போயி, அங்கருந்து ரயில்ல ஆஷ்விட்ஸ் கொலை முகாம். மிஞ்சுனது 150 பேரு வாக்குல. சதுக்கத்துல கருப்புக் கல்லுத் தூணு வச்சிருக்கு, அம்மா அங்க ஜெபமால எடுத்தா, நாங்க பக்கத்துல நின்னோம். அக்கா ஜெர்மனில இருக்காள்லா, அவ அந்தத் தூண விட்டு ரொம்ப நேரம் வரல.

அப்புறம் சிமி. இது அக்கா பிளான்ல கெடையாது, அம்மாதான் எங்கயோ கேட்டுட்டு வந்து போயே ஆவணும்னா. மாண்ட்ராக்கிலேருந்து காலைல போட்டு, மொதல்ல பனோர்மிட்டிஸ் மடம், அப்புறம் சிமி டவுனு. பனோர்மிட்டிஸ்ல இருக்குறது மிக்கேல் சம்மனசு. அந்தக் கடல்ல கப்பல்ல போற அவ்வளவு பேருக்கும் அவருதான். ஆளுயரத்துக்கு வெள்ளித் தகடு போர்த்துன படம், கடலோடிங்க நேந்துக்கிட்டு குடுத்த சின்னச் சின்ன வெள்ளிக் கப்பலு, வெளக்கு. மியூசியம்னு ஒரு ரூமு, அதுல முழுக்க பாட்டிலு. எங்கயோ நடுக்கடல்ல போறவன் சீட்டுல எழுதி, காணிக்கையும் போட்டு, பாட்டில மூடிக் கடல்ல போட்டுருவான், அது தானா மெதந்து இந்தத் துறைக்கு வந்துருமாம். நெசமோ பொய்யோ, அடுக்கி வச்சிருக்கான் மக்கா. நெட்டு இல்லாத காலத்துல கூட, எவனோ ஒருத்தன் பேப்பரும் பேனாவும் எடுத்து நாலு வரி எழுதியிருக்கான்.

வாசல் கடைல தகடு விக்கான், வேளாங்கண்ணில விப்பாங்கள்லா, கை, காலு, கண்ணு, புள்ள, வீடு. அம்மா நேரா போயி கப்பலு போட்ட தகடு எடுத்தா. எதுக்குன்னு நானும் கேக்கல, அவளும் சொல்லல. உள்ள போயி மாட்டிட்டு சிலுவ போட்டா, அவங்க வலது தோள மொதல்ல தொடுதாங்க, நாம எடதுலா, பக்கத்துல நின்ன கிரேக்கக் கெழவி அம்மாவப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, தலைல கைய வச்சுட்டுப் போனா. அம்மா வெளிய வந்து, வெயிலு கண்ணக் கூசுதுன்னு முந்தானயால தொடச்சுக்கிட்டா.

சிமி டவுனு துறைக்கு மேல மஞ்சளும் காவியுமா வீடுங்க அடுக்கடுக்கா ஏறுது. அந்தக் காசெல்லாம் கடப்பஞ்சுல வந்தது. அந்தக் காலத்துல பட்டையான ஒரு கல்லக் கைல புடிச்சுக்கிட்டு ஒரே மூச்சுல கடலுக்கு அடில போயிருக்காங்க. நம்ம தாத்தா முத்துச் சலாபத்துக்குப் போவும்போது காலுல கல்லக் கட்டி எறங்குன அதே சூத்திரம், கயித்துக்கு மேல முனைல சொந்தக்காரன் நிப்பான், வேற யாரையும் நம்ப மாட்டாங்கன்னு தாத்தா சொல்லுவாரு ஞாபகம் இருக்கா. 1860கள்ல காத்து பம்பு வச்ச டிரஸ்ஸு வந்துச்சு, இன்னும் ஆழமா, இன்னும் நேரமா, காசும் கூட. அதுல போனவங்க நெறயப் பேரு கை காலு விளங்காமயும் செத்தும் போனாங்க, மேல வேகமா வந்தா ரத்தத்துல காத்துக் குமிழி வரும்னு அப்ப யாருக்கும் தெரியாது. கூடக் காசுன்னா எங்கயோ எதுவோ கூட இருக்கும் மக்கா, அந்தக் காலத்துலயும் அப்படித்தான்.

பஞ்சு விக்கிற கடைல ஒரு வயசான ஆளு. நான் இந்தியான்னதும் மெட்ராஸ், விசாகப்பட்டணம், பம்பாய்னு அடுக்குதாரு, வாலிபத்துல கப்பல்ல இருந்தவராம், விசாகப்பட்டணத்துல தாது மண்ணு ஏத்துனாராம். எம் மவனும் கப்பல்தான், தேர்ட் இஞ்சினியரு, ஒங்க ஊரு கம்பெனிதான், பிரேயஸ் ஆபீஸுன்னு சொன்னேன். அந்தப் பேரச் சொல்லும்போது எனக்கு இன்னும் ரெண்டு இஞ்சு ஒசரம் ஏறிச்சுன்னு அத்தான் அப்புறம் கேலி பண்ணாரு. பண்ணட்டும். நம்ம குடும்பத்துல கப்பலுக்கு மேல சரக்கு ஏத்துனவன் இருக்கான், கீழ முங்குனவன் இருக்கான், பேப்பர் எழுதுனவன் நான், கப்பலோட இஞ்சினத் தொட்டவன் நீ ஒருத்தந்தான். அந்த ஆளு கையக் குடுத்தாரு. குடுத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. சூயஸா, கேப்பா?

தெரியலன்னு சொன்னேன். அவரு என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, பஞ்சுக்குக் காசக் கொறச்சுக்கிட்டாரு.

அந்த வாரந்தான் சூயஸுக்குப் போற வழில, ஏடன் வளைகுடால, ஏமன் ஹூதிக்காரங்க கிட்ட ஒரு டச்சுக் கப்பலு அடி வாங்கி எரிஞ்சுச்சுல்ல. அக்கா ஹோட்டல் டிவில சேனல மாத்திட்டா, நான் போன்ல பாத்துட்டேன். ஜூலைல ரெண்டு கப்பலு அடுத்தடுத்த நாளு அடிச்சதையும் பாத்துருந்தேன், ரெண்டுமே கிரேக்கக் கம்பெனிங்கதான், ரெண்டுமே அடிக்குப் போயிருச்சு. 2024 ஜூன்ல ஆள் இல்லாத படக விட்டு ஒரு கப்பலோட அமரத்துல அடிச்சாங்களே, இஞ்சின் ரூமுல தண்ணி ஏறி, அங்க இருந்த பிலிப்பினோ ஒருத்தரு கெடைக்கவே இல்ல. எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நீ நெனச்சுக்கிட்டு இருக்கியோ என்னமோ. கப்பலு எங்க போவுதுன்னு பாக்குற அந்த வெப்சைட்ட அத்தான்தான் போன்ல போட்டுத் தந்தாரு. ஒன் கப்பலு பேரப் போட்டா அஞ்சு நாளைக்கு முந்துன எடத்தக் காட்டிட்டு நிக்கு. கப்பலு நிக்கிற எடத்தக் காட்டுற ஏஐஎஸ் கருவிய எங்க அணைப்பாங்க, எதுக்கு அணைப்பாங்கன்னு நானும் படிச்சுட்டேன். அம்மாட்ட சைட்டு வேல செய்யலன்னு சொல்லியிருக்கேன்.

நான் ஒன்னக் கேக்கல. கேட்டா நீ, அப்பா அதெல்லாம் கம்பெனி முடிவுன்னு சொல்லுவ, அது எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு ஒனக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சேதான் இருக்கும். யூனியன் அக்ரிமெண்ட் உள்ள கப்பல்ல அந்தப் பக்கம் வார் ஏரியான்னு போட்டுருக்கு, அங்க போறதுக்கு முன்னாடி, நான் வரலன்னு சொல்ல ஒவ்வொரு சீமேனுக்கும் உரிமை இருக்கு, கம்பெனி தன் செலவுல அவன ஊருக்கு அனுப்பணும். போறவனுக்கு பேசிக்கு அளவு போனஸு. அந்த போனஸு எவ்வளவு வரும்னு நான் சும்மா ஒரு கணக்குக்கு எழுதிப் பாத்தேன், பாஸ்புக்கோட ஒத்துப் போவுது. வரலன்னு சொன்னா அடுத்த கான்ட்ராக்டு கெடைக்காதுன்னு கூட இருக்குறவங்க பயமுறுத்துவாங்க. கெடைக்கலன்னா கெடைக்காம போவட்டும். மாடி கட்டுறதுக்கு அவசரம் இல்ல, கம்பி எங்கயும் ஓடிறாது, அம்மாவுக்கும் எனக்கும் கீழ இருக்கதே பெருசு. லோன நான் பென்ஷன்ல இழுத்துக்குவேன். சின்ன வயசுலயே தேர்ட் இஞ்சினியர் டிக்கெட் எடுத்தவனுக்கு வேற கப்பலு இல்லையா. ஒன் சர்டிபிகேட்ட லேமினேஷன் போட்டு வச்சிருக்கேன், அது எங்கயும் போவாது.

ஒரு வேள நீங்க கேப்பு வழியாத்தான் போய்ட்டு இருக்கீங்களோ என்னமோ, கூட வந்தது நெசமாவே ஓவர்டைமோ என்னமோ. அப்படின்னா இவ்வளவு நேரம் எழுதுனத கெழவன் பெனாத்துதான்னு விட்டுரு. ஆனா எழுதிச் சொல்லு. கேப்புன்னா கேப்பு, சூயஸுன்னா சூயஸு. பொய் சொல்லாத, எனக்கு கடல் மைலும் தெரியும், ஸ்பீடும் தெரியும், ரெண்டு போர்ட்டு தேதியக் குடுத்தா எந்த வழின்னு நானே கணக்குப் போட்டுருவேன். அம்மா மெயில் பாக்க மாட்டா, எனக்கு மட்டும் எழுது.

கேட்டியா, லைஃப் ஜாக்கெட்ட ரூமுல மாட்டி வைக்காத, இஞ்சின் ரூமுக்குப் போவும்போது கூடவே எடுத்துட்டுப் போ. எமர்ஜென்சி எஸ்கேப் எங்க இருக்குன்னு கண்ணக் கட்டிட்டு நடந்து பாத்துருக்கியா? ட்ரில்லுல போட்டோவுக்கு நிக்காம நெசமாவே ஏறிப் பாரு. சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்புடு, அத முன்னயே சொன்னேனோ.

ஊரு நியூஸு எழுத ஒக்காந்தேன், எடமில்ல. பனிமய மாதா கோயில் கொடியேத்துன வீடியோ அக்காட்ட இருக்கு, வாங்கிக்க. பெரியத்த ஒரு சம்பந்தம் சொல்லியிருக்கா, பொண்ணு மணப்பாடு, அது நீ வந்தப்புறம் பேசிக்கலாம். மோட்டார் மறுபடி காயில் போயிருச்சு, சரி பண்ணியாச்சு. ஒனக்கு சிமிலேருந்து ஒரு பஞ்சு வாங்கி வச்சிருக்கேன், நெசமான கடப்பஞ்சு, கப்பல்ல குளிக்கும்போது தேய்க்க நல்லாருக்கும்.

சைன் ஆஃப் பண்ணி கப்பல விட்டு எறங்குறது எந்த போர்ட்டுன்னு கம்பெனி சொல்லிட்டாங்களா? சிங்கப்பூரு ஆனாலும் கொச்சி ஆனாலும் எனக்குத் தேதி வேணும். மெட்ராஸ்ல எறங்குறதா இருந்தா முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல இப்பவே வெயிட்டிங் லிஸ்டுதான் ஓடுது, பண்டிக நேரம், தேதி தெரிஞ்சா லோயர் பெர்த்தாப் பாத்துப் போட்டு வச்சிருவேன், மாறுனா கேன்சல் பண்ணிக்கலாம், கேன்சல் சார்ஜ நான் பாத்துக்குதேன்.

அன்புடன்
அப்பா